சேத்துப்பட்டு தந்த விடை

நுழையும்முன்

ஒரு மருந்தை உட்கொண்டவர் நலம் பெறுகிறார். அந்நலம் மருந்தினால் வந்ததா, ஓய்வினால் வந்ததா, நோய் தானே தணிந்ததால் வந்ததா? இவ்வினாவுக்கு ஐயமற விடை காணும் முறையை மருத்துவ உலகம் கடந்த நூற்றாண்டில்தான் கண்டடைந்தது. அம்முறை வளர்ந்த வரலாற்றில் சென்னை மாநகருக்கும் ஓர் இடம் உண்டு.

நலவாழ்வு இல்லங்களின் காலம்

சென்னைப் புறநகர்த் தொடர்வண்டிப் பாதையில் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையம் இருக்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோருள் பலர் அப்பெயரின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. காசநோயாளர் தங்கி நலம் பெறுவதற்கென மருத்துவர் சவுரி முத்து 1928ஆம் ஆண்டில் அங்கு நிறுவிய நலவாழ்வு இல்லமே அப்பெயருக்குக் காரணம்.

காசநோயை உண்டாக்கும் நுண்ணுயிரியை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் உலகுக்கு அறிவித்தார். நோயின் காரணம் தெரிந்துவிட்டது; மருந்துதான் தெரியவில்லை. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகியவற்றையே மருத்துவர்கள் நம்பியிருந்தனர். இவை மூன்றும் ஒருங்கே கிடைக்கும் இடங்களாக நலவாழ்வு இல்லங்கள் உலகெங்கும் எழுந்தன. அங்குச் சென்றவர் சிலர் குணமடைந்தனர்; பலர் மாண்டனர். குணமடைந்தவர் வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பர் என்று சொல்ல எவராலும் இயலவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லாத நிலையில், குணமானவரைக் காட்டி மருத்துவத்தைப் புகழ்வதும், இறந்தவரைக் காட்டி நோயைப் பழிப்பதும் எளிதாயின.

சுண்டப்பட்ட நாணயம்

இந்த மயக்கத்தின் விளைவை உணர்த்தும் நிகழ்வு ஒன்றுண்டு. 1920களில் தங்கம் கலந்த சேர்மம் ஒன்று காசநோய்க்கு மருந்தாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. ஊசிவழிச் செலுத்தப்பட்ட அம்மருந்து நோயைத் தணிப்பதாக மருத்துவர்கள் பலர் எழுதினர். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஆம்பர்சன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இதனைச் சோதிக்க முற்பட்டனர். 24 நோயாளர்களை நிலை ஒத்த இரு குழுக்களாகப் பிரித்தனர். எக்குழுவுக்குத் தங்க மருந்து என்பதை ஒரு நாணயத்தைச் சுண்டி முடிவு செய்தனர். மற்றக் குழுவினருக்கு வடிநீர் மட்டுமே செலுத்தப்பட்டது. 1931இல் வெளியான முடிவு, தங்கத்தால் பயன் ஏதும் இல்லை என்றும் அதன் நச்சுத்தன்மையால் கேடு உண்டு என்றும் காட்டியது. புகழ்பெற்ற மருத்துவர் பலரின் பல்லாண்டு நம்பிக்கையை அந்த நாணயம் வீழ்த்தியது.

நாணயத்தைச் சுண்டுவது பொறுப்பற்ற செயல்போலத் தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. யாருக்குப் புதிய மருந்து என்பதை மருத்துவரே தேர்ந்தெடுத்தால், பிழைக்கக்கூடியவர் என்று அவர் கருதுவோரைத் தம்மையறியாமல் புதிய மருந்தின் பக்கம் சேர்ப்பார். அல்லது இரக்கத்தால் மிக நலிந்தோரைச் சேர்ப்பார். இரண்டும் முடிவைக் கோணலாக்கும். தற்செயலின்வழிப் பிரிக்கும்போது முதியோர், இளையோர், வறியோர், செல்வர், நோய் முற்றியோர், முற்றாதோர் ஆகிய அனைவரும் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒத்த அளவில் அமைவர். நமக்குத் தெரிந்த வேறுபாடுகள் மட்டுமன்றி, எவருக்கும் தெரியாத வேறுபாடுகளும் இவ்வாறு சமன்படும். பிறகு குழுக்களுக்கிடையே தோன்றும் வேறுபாட்டுக்கு மருந்தையே காரணமாகக் கொள்ளலாம். இதனைச் சமவாய்ப்பு ஒப்பீட்டு ஆய்வு என்பர்.

ஸ்ட்ரெப்டோமைசின்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. போரினால் பொருள்வளம் குன்றிய பிரிட்டன் அம்மருந்தைச் சிறிதளவே வாங்க முடிந்தது. அனைவருக்கும் கொடுக்கப் போதாத மருந்தைக்கொண்டு அதன் உண்மை ஆற்றலை அறியலாம் என்று அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றம் முடிவு செய்தது. புள்ளியியல் அறிஞர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் ஆய்வை வடிவமைத்தார். யாருக்கு எம்மருத்துவம் என்பது எண்களின்வழி முன்னரே குறிக்கப்பட்டு, மூடிய உறைகளில் வைக்கப்பட்டது. நோயாளர் ஆய்வில் சேர்க்கப்பட்ட பின்னரே உறை பிரிக்கப்பட்டது. ஊடுகதிர்ப் படங்களை மதிப்பிட்டவர்களுக்கு அப்படம் எக்குழுவினருடையது என்பது தெரியாது.

ஆறு திங்கள் கழிந்தபோது, ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேருள் 4 பேர் இறந்திருந்தனர். ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேருள் 14 பேர் இறந்திருந்தனர். 1948இல் வெளியான இம்முடிவு பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால், ஆய்வாளர்கள் அத்துடன் நின்றுவிடவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் அதே நோயாளர்களைத் தேடிச் சென்று கணக்கெடுத்தனர். முதற்குழுவில் 32 பேரும் இரண்டாம் குழுவில் 35 பேரும் மாண்டிருந்தனர். தொடக்கத்தில் கண்ட நன்மை பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. ஒரே மருந்தைத் தொடர்ந்து எதிர்கொண்ட நுண்ணுயிரிகளுள் அதற்கு அடங்காதவை தப்பிப் பெருகியதே காரணம். ஸ்ட்ரெப்டோமைசினோடு பாஸ் என்று சுருக்கமாக வழங்கும் மற்றொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இவ்வெதிர்ப்பைத் தடுக்கலாம் என்பதை 1950இல் வெளியான அடுத்த ஆய்வு நிறுவியது. காசநோய்க்கு இன்றும் ஒரே நேரத்தில் பல மருந்துகள் கொடுக்கப்படுவது இதனால்தான்.

தெரிந்து தெளிவோம்
1948ஆம் ஆண்டு ஆய்வில், ஓய்வு மட்டும் பெற்ற குழுவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே தெரிவிக்கப்படவில்லை. இன்று அவ்வாறு செய்ய இயலாது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சின்கி அறிக்கையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளும் நோயாளரின் தெளிந்த இசைவை இன்றியமையாததாக்கியுள்ளன. இந்தியாவில் நடைபெறும் மருத்துவ ஆய்வுகளைத் தொடக்கத்திலேயே பதிவு செய்வதற்கான பொதுப் பதிவகம் 2007இல் அமைந்தது. பயன்தராத முடிவுகளை மறைத்துவிடாமல் தடுப்பதற்கு அப்பதிவு துணைசெய்கிறது.

சென்னையில் எழுந்த வினா

1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்னும் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. விலை குறைவு, வாய்வழி உட்கொள்ளலாம், ஆற்றலோ மிகுதி. செல்வ நாடுகள் இதனையும் நலவாழ்வு இல்லங்களில் வைத்தே கொடுத்தன. இந்தியாவின் நிலை வேறு. நோயாளர் எண்ணிக்கையோடு மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கையை ஒப்பிடவே இயலாது. ஆண்டுக்கணக்கில் படுக்கைக்காகக் காத்திருந்து மாண்டவர் பலர். படுக்கை கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை. நாட்கூலியால் குடும்பத்தைக் காப்பவர் ஓராண்டு தாம்பரத்தில் படுத்திருந்தால் வீட்டில் உலை எவ்வாறு கொதிக்கும்? கைக்குழந்தையை விட்டுத் தாய் எங்ஙனம் பிரிந்திருப்பாள்?

மாத்திரையை வீட்டிலேயே உட்கொண்டால் என்ன என்னும் வினா இங்குதான் எழுந்தது. அதற்கெதிரான தடைகளும் வலிமையானவை. நெரிசலான சிறு வீடுகளில் ஓய்வு கிட்டாது; உணவு போதாது; உடனுறையும் குழந்தைகளுக்கு நோய் தொற்றும்; நோயாளர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார் என்பதற்கும் உறுதியில்லை. இவையாவும் அறிவுக்குப் பொருந்துவனவாகவே தோன்றின. அவை உண்மையா என்று சோதித்தவர்தாம் எவரும் இலர்.

1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் இணைந்து காசநோய் வேதிமருத்துவ மையத்தைச் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் பிரிட்டன் நாட்டு மருத்துவர் அதற்குத் தலைமையேற்றார். சென்னையின் வறிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர்கள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தாம்பரம் நலவாழ்வு இல்லத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே தங்கினர். இருசாராருக்கும் ஐசோனியசிட்டும் பாஸும் ஓராண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. மருந்தில் வேறுபாடு இல்லை. நோயாளர் தங்கிய இடமும் அவ்விடம் தரும் ஓய்வும் உணவுமே வேறுபட்டன.

வீட்டிலிருந்தோரை மையம் தன்போக்கில் விட்டுவிடவில்லை. நலப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணிப் பார்த்தனர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதைச் சிறுநீர்ச் சோதனை காட்டியது. இரு குழுவினரின் சளியும் நுண்ணோக்கியிலும் வளர்ப்புச் சோதனையிலும் காலந்தோறும் ஆராயப்பட்டது.

எதிர்பார்த்தபடியே, தாம்பரத்தில் இருந்தோர் நன்றாக உண்டனர்; மிகுதியாக ஓய்வெடுத்தனர்; உடல் எடையும் அவர்களுக்கே கூடுதலாக ஏறியது. வீட்டிலிருந்தோர் குறைவாக உண்டனர். அவர்களுள் பலர் வேலைக்கும் சென்றனர். ஆயினும், ஓராண்டின் முடிவில் தாம்பரக் குழுவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினரும் சளியில் கிருமி அடங்கிய நிலையை எய்தியிருந்தனர். இந்த ஆறு விழுக்காட்டைப் பெரிதெனக் கொள்ளலாகாது. குழுவொன்றில் நூற்றுக்கும் குறைவானவரே இருந்தமையால், அது ஐந்தாறு நோயாளர்களைக் குறிக்கும் வேறுபாடே ஆகும்; தற்செயலாகவே அவ்வளவு ஏறி இறங்கலாம். இரு குழுக்களின் குடும்பத்தாரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தபோது, வீட்டில் மருத்துவம் பெற்றவரின் உறவினருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை என்பதும் தெளிவாயிற்று. நோய் கண்டறியப்படுவதற்கு முன்னரே பெரும்பாலும் தொற்று நிகழ்ந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைந்து குறைகிறது.

1959இல் இம்முடிவுகள் வெளியானபோது, நலவாழ்வு இல்லங்களின் அடிப்படையே ஆட்டங்கண்டது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே வழியாகக் கொண்டது. செல்வ நாடுகளும் பின்னர்த் தம் நலவாழ்வு இல்லங்களை மூடின. திருக்குறள் 'மருந்து' அதிகாரம் நோயாளர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணுகிறது. சேத்துப்பட்டு ஆய்வு அந்நான்காம் உறுப்பை மருத்துவமனையிலிருந்து குடும்பத்துக்கு மாற்றியது எனலாம்.

நோயைக் கண்டறிதல்

மருந்து கைவசம் இருந்தும் நோயாளர் யார் எனத் தெரியாவிடின் பயனில்லை. ஊர் ஊராக ஊடுகதிர்க் கருவியைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அக்காலத்துப் பொதுக்கருத்து. 1960களின் தொடக்கத்தில் தும்கூர் மாவட்டச் சிற்றூர்களில் பெங்களூருத் தேசியக் காசநோய் நிறுவனத்தார் ஆய்வு நடத்தினர். நோயின் அறிகுறி உடையோருள் பாதிக்கும் மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றிருந்தனர். அங்கு அவர்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து! மக்கள் அறியாமையால் வராதிருக்கவில்லை; வந்தவரின் சளியைத்தான் எவரும் சோதிக்கவில்லை. இருமலோடு வருவோரின் சளியை அங்கேயே நுண்ணோக்கியில் பார்ப்பது என்னும் எளிய ஏற்பாடு இவ்வாய்விலிருந்தே வலுப்பெற்றது.

நுண்ணோக்கிக்கும் எல்லை உண்டு. ஒரு மில்லி லிட்டர் சளியில் ஆயிரக்கணக்கான கிருமிகள் இருந்தாலன்றி அது காட்டாது. வளர்ப்புச் சோதனை நுட்பமானது. ஆனால், விடைக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். கிருமியின் மரபணுவையே தேடிக் காணும் தானியங்கிச் சோதனை இக்குறையைப் போக்கியது. பெரு, அசர்பைஜான், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,730 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2010இல் வெளியாயிற்று. வளர்ப்புச் சோதனையால் நோய் உறுதியாகியும் நுண்ணோக்கியில் புலப்படாதவர்களுள் 72.5 விழுக்காட்டினரை ஒரே சோதனையில் இது கண்டறிந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் விடை தருவதோடு, ரிஃபாம்பிசின் என்னும் முதன்மை மருந்துக்குக் கிருமி அடங்குமா என்பதையும் கூறியது.

அதே காலத்தில் வேறொரு சோதனை தனியார் ஆய்வகங்களில் பெருவணிகமாக நடந்து வந்தது. குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் அச்சோதனை நோயில்லாதவரை நோயாளர் என்றும், நோயுற்றவரை நலமுடையவர் என்றும் அடிக்கடி பிழைபடக் காட்டியது. சான்றுகள் அனைத்தையும் திரட்டி ஆராய்ந்த உலக நலவாழ்வு நிறுவனம் அதனைக் கைவிடுமாறு 2011இல் அறிவுறுத்தியது. இந்திய அரசு 2012இல் அதற்குத் தடை விதித்தது. புதிய சோதனையைப் புகுத்துவதற்கு இணையான பணி, பொய்ச் சோதனையை அகற்றுவது.

'இல்லை' என்னும் விடை

ஆய்வுகள் எப்போதும் விரும்பிய விடையைத் தருவதில்லை. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய, 1968ஆம் ஆண்டில் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கேற்றனர். பெரியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. பெரும் பொருட்செலவில், பல ஆண்டு உழைப்பில் பெற்ற இம்முடிவு ஏமாற்றம் அளித்தது. எனினும் அதனை மறைக்காமல் வெளியிட்டனர். 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த பின்னரும் முடிவு மாறவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு அது இன்றும் போடப்படுகிறது.

மீண்டும் உணவு

சேத்துப்பட்டு ஆய்வைத் தவறாகப் புரிந்துகொள்வதும் எளிது. நல்லுணவு இன்றியும் மருந்து கிருமியை அடக்கும் என்றுதான் அது காட்டியது. உணவு வேண்டாம் என்று அது கூறவில்லை. கேட்ட வினாவுக்கு மட்டுமே ஓர் ஆய்வு விடை தரும். உணவு பற்றிய மற்றொரு வினாவைக் கேட்க அறுபது ஆண்டுகள் பிடித்தன. ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை நடந்த அவ்வாய்வில், சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது. 2,800 நோயாளர்களுக்கும் உணவுப் பொருள்கள் தரப்பட்டன. அவர்தம் குடும்பங்களுள் ஒரு பகுதியினருக்கு, ஆள் ஒன்றுக்குத் திங்கள்தோறும் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கூடுதலாக வழங்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. பருப்பும் அரிசியும் தடுப்பூசியின் வேலையைச் செய்தன.

எடையும் நிற்றலும்

மருந்து தொடங்கிய சில வாரங்களுக்குள்ளேயே இறப்பவர்கள் இன்றும் இருக்கின்றனர். மிக மெலிந்து, மூச்சுத் திணறி, தாமதமாக வந்து சேர்பவர்கள் அவர்கள். எல்லாரையும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய தேவையில்லை என்பது 1959இலேயே தெரிந்தது. யாரை மட்டும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பதே இன்றைய வினா. 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்னும் பெயரில் 2022இல் தமிழ்நாடு தொடங்கிய திட்டம் இதற்குரிய வழியை வகுத்துள்ளது. ஊடுகதிர்ப் படமோ குருதிச் சோதனையோ அதற்கு வேண்டியதில்லை. நோய் உறுதியான அன்றே செவிலியர் நோயாளரின் எடையையும் உயரத்தையும் அளக்கிறார். கால்வீக்கம் உள்ளதா என்று பார்க்கிறார். மூச்சின் விரைவை எண்ணுகிறார். விரல்நுனியில் சிறுகருவியைப் பொருத்தி உயிர்வளியின் அளவைக் குறிக்கிறார். பிறகு, துணையின்றி எழுந்து நிற்கச் சொல்கிறார். இவற்றுள் ஏதேனும் ஒன்றில் கடும் பாதிப்புத் தெரிபவர் மருத்துவமனைக்கு அனுப்பப்படுகின்றனர். மற்றவர் மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகின்றனர்.